மேட்டில் நடப்பது தவறா? மலைப்பாதை ஓட்டம் பற்றிய வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் மலைப்பாதையில் ஓடுவதைப் பற்றி ஓரிரு வரிகள் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த வாசகர்கள் எழுதியவை. அவர்கள் பயிற்சி செய்யும் இடமான சௌத் மவுண்டன் பூங்காவில் நானும் சில ஆண்டுகள் ஓடியிருக்கிறேன், மற்றவர்களுக்குப் பயிற்சியும் அளித்திருக்கிறேன். ஃபீனிக்ஸ் நகர மக்கள் 1924இல் மத்திய அரசிடமிருந்து 17,000 டாலருக்கு வாங்கிய 13,000 ஏக்கர் மலைநிலம், இன்று 16,000 ஏக்கருக்கும் மேல் விரிந்து, ஒரு நகராட்சியின் பொறுப்பில் உள்ள மிகப் பெரிய பூங்காக்களுள் ஒன்றாக இருக்கிறது. பூங்கா என்ற பெயரைக் கேட்டுப் புல்வெளியையும் நிழல் மரங்களையும் எதிர்பார்த்துச் செல்பவருக்கு அங்கே கிடைப்பவை கரும்பாறையும் கள்ளியும் செங்குத்தான ஒற்றையடிப் பாதைகளுமே. வந்த கேள்விகளில் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 42. நான்கு ஆண்டுகளாகச் சாண்ட்லரில் கால்வாய்க் கரையில் ஓடி, அரை மாரத்தானை 2 மணி 5 நிமிடத்தில் முடிக்கும் நிலைக்கு வந்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு குழுவினருடன் சௌத் மவுண்டனில் ஏற்ற இறக்கப் பயிற்சிக்குச் சென்றேன். ஏழு மைல் தூரம், மொத்தம் 1,500 அடி ஏற்றம். முடிக்க 2 மணி 10 நிமிடம் ஆனது. செங்குத்தான இடங்களில் எல்லாம் நடந்தேதான் ஏறினேன். என்னைவிட மூத்தவர்கள் என்னைக் கடந்து சென்றார்கள். நான்கு ஆண்டு உழைப்பும் வீணோ என்று தோன்றுகிறது. மேட்டில் நிற்காமல் ஓட நான் என்ன செய்ய வேண்டும்?
— சாண்ட்லர் வாசகர்

பதில்: உங்கள் உழைப்பு வீணாகவில்லை. அதை நீங்கள் தவறான அளவுகோலால் அளந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். மலையில் நடப்போர் தங்கள் நேரத்தைக் கணக்கிட, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் 1892இல் ஒரு விதி சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பயிற்சிக்கு இதைப் பொருத்தினால் தூரத்துக்கு 2 மணி 20 நிமிடமும் ஏற்றத்துக்கு 45 நிமிடமுமாக, திடமான ஒரு நடையாளருக்கு 3 மணி 5 நிமிடம் ஆகியிருக்க வேண்டும். முதல் முறை சென்ற நீங்கள் அவரைவிட 55 நிமிடம் முன்னதாக வந்திருக்கிறீர்கள். கால்வாய்க் கரையில் ஒரு மைலுக்கு எத்தனை நிமிடம் என்று பார்த்துப் பழகிய கண், மலையில் அதே எண்ணைத் தேடியதுதான் உங்கள் மனச்சோர்வுக்குக் காரணம்.

மேட்டில் உடல் செலவிடும் ஆற்றல் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதை அறிந்துகொண்டால் இந்தச் சோர்வு வராது. இத்தாலிய ஆய்வாளர் மினெட்டியும் அவருடைய குழுவினரும் தேர்ந்த மலையோட்டக்காரர்களை வெவ்வேறு சரிவுகளில் ஓடவைத்து அளந்து 2002இல் வெளியிட்ட கணக்கின்படி, நூறு அடிக்குப் பத்து அடி உயரும் மேட்டில் ஒரு மீட்டர் ஓடுவதற்குச் சமதளத்தில் ஓடுவதைப் போல ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு ஆற்றலும், நூறுக்கு இருபது உயரும் மேட்டில் இரண்டரை மடங்கு ஆற்றலும் தேவைப்படுகின்றன. எனவே கால்வாய்க் கரையில் ஒரு மைலைப் பத்து நிமிடத்தில் ஓடுபவர் அதே மூச்சோடு அந்தச் செங்குத்தில் ஏறினால் இருபத்தைந்து நிமிடம் ஆவதுதான் இயல்பு. அந்த மந்தமான வேகத்தில், கால்களைத் தரையிலிருந்து துள்ளித் தூக்கும் ஓட்டத்தைவிட, ஒரு கால் எப்போதும் தரையில் பதிந்திருக்கும் நீண்ட நடையே உடலுக்குச் சிக்கனமானது. சரிவு ஏறக்குறைய பதினைந்து டிகிரியைத் தாண்டிவிட்டால், நெடுந்தூர மலைப்பந்தயங்களில் முன்னணியில் இருப்பவர்களும் நடப்பதை நீங்கள் காணலாம். உங்களைக் கடந்து சென்ற மூத்தவர்கள் அத்தனை செங்குத்திலும் ஓடினார்களா என்று சற்று நினைவுபடுத்திப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் நன்றாக நடந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஆகவே, மேட்டில் நிற்காமல் ஓடுவதை உங்கள் குறிக்கோளாக வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓட்டத்திலிருந்து நடைக்கும் நடையிலிருந்து ஓட்டத்துக்கும் தடுமாற்றமின்றி மாறக் கற்றுக்கொள்வதே உங்கள் பயிற்சியின் பொருளாக இருக்கட்டும். மூச்சு கட்டுக்கடங்காமல் போனபின் நடக்கத் தொடங்குபவர் அடுத்த ஐந்து நிமிடத்தை இழக்கிறார். மூச்சு அப்படிப் போவதற்குச் சற்று முன்பே நடைக்கு மாறுபவர், மேடு தணிந்த அதே அடியில் மீண்டும் ஓடத் தொடங்கிவிடுகிறார். இதை அறிய ஒரு எளிய வழி உண்டு. உங்கள் பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பத்தையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் அது நாள் முழுவதும் தாங்கும் வேகம். ஐந்தாறு இலக்கத்தில் மூச்சு வாங்கினால் அது பயிற்சிக்கான கடின வேகம். இரண்டு மூன்றோடு தடைபட்டால் அந்த இடத்திலேயே நடைக்கு மாறிவிடுங்கள். கைக்கடிகாரம் இதயத் துடிப்பைக் காட்டும் என்றாலும், குறுகிய மேடுகளில் துடிப்பு ஏறுவதற்குள் மேடே முடிந்துவிடுவதால் அந்த எண் எப்போதும் சற்றுப் பின்தங்கியே வரும். மூச்சு அப்படிப் பின்தங்குவதில்லை.

நடையிலும் ஒரு முறை இருக்கிறது. கடைத்தெருவில் நடப்பதைப் போல் நிமிர்ந்து நடந்தால் மேடு உங்களைப் பின்னுக்கு இழுக்கும். இடுப்பை மடிக்காமல், கணுக்காலிலிருந்து உடல் முழுவதையும் சற்று முன்னே சாய்த்து, அடியைச் சுருக்கி வையுங்கள். மிகவும் செங்குத்தான இடத்தில் உள்ளங்கையை முழங்காலுக்கு மேலே தொடையில் ஊன்றி, ஒவ்வொரு அடிக்கும் கையால் தொடையை அழுத்திக்கொடுங்கள். கைகளின் வலிமையும் அப்போது ஏறுவதற்குப் பயன்படும்.

இனிப் பயிற்சியின் வடிவம். மலைக்குத் தெற்கே உள்ள குடியிருப்புப் பகுதியான அவடூக்கி பக்கத்திலிருந்து ஏறும் டெலிகிராஃப் பாஸ் பாதை உங்களுக்கு மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராணுவத் தந்திக் கம்பி சென்ற கணவாய் அது. தொடக்கத்திலிருந்து கணவாய் வரை ஒன்றரை மைலுக்குச் சற்றுக் குறைவு, ஏற்றம் 500 அடிக்கு மேல். முதல் பகுதி தளம் போடப்பட்ட, மெல்ல உயரும் பாதை என்பதால் உடலைச் சூடேற்றிக்கொள்ள வேறு இடம் தேட வேண்டியதில்லை. அதில் முன்னும் பின்னுமாகப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடுங்கள். பாதை கரடாகி உயரத் தொடங்கியதும், தொலைபேசி எண்ணில் ஐந்தாறு இலக்கம் சொல்லக்கூடிய கடினத்தில் மூன்று நிமிடம் ஏறுங்கள். பிறகு இரண்டு நிமிடம் மெல்ல இறங்கி நடந்து, மூச்சு தணிந்ததும் மீண்டும் மூன்று நிமிடம் ஏறுங்கள். முதல் மாதம் ஒரு பயிற்சியில் இப்படி நான்கு முறை போதும், மூன்றாவது மாதத்தில் ஆறு முறை வரை செல்லலாம். ஒவ்வொரு முறையும் புறப்பட்ட இடத்தைவிடச் சிறிது மேலேதான் அடுத்த ஏற்றம் தொடங்கும் என்பதால், ஓரிடத்திலேயே சுற்றி வரும் அலுப்பு இருக்காது. இவை முடிந்தபின் ஓட்டமும் நடையுமாகக் கணவாய்க்குச் சென்று, ஐந்து நிமிடம் நின்று, தண்ணீர் குடித்து, கவனத்தோடு இறங்குங்கள். மொத்தம் 80 முதல் 90 நிமிடம் ஆகும்.

வாரத்தில் ஒரு நாள் இது போதும். அதற்கடுத்த இரண்டு நாட்களும் கடினமான ஓட்டம் எதுவும் வேண்டாம். மற்ற நாட்களில் கால்வாய்க் கரையைக் கைவிட்டுவிடாதீர்கள். சமதளத்தில் சேர்த்த மூச்சு மலைக்கும் உதவும், மலையில் சேர்த்த வலிமை சமதளத்துக்கும் உதவும். நியூசிலாந்தின் பயிற்றுநர் ஆர்தர் லிடியர்ட், 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லைக்கூட ஆக்லாந்துக்கு மேற்கேயுள்ள வைட்டாக்கெரே மலைத்தொடரில் 22 மைல் சுற்றுப்பாதையில் ஓடவைத்தார். 1960 செப்டம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், அதே பயிற்றுநரின் மாணவர் மரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஓட்டத்துக்கும் மலை உதவியிருக்கும்போது, உங்கள் அரை மாரத்தானுக்கு உதவாமல் போகாது.

கேள்வி: நான் அவடூக்கியில் வசிக்கும் குடும்பத்தலைவி, வயது 36. மேட்டில் ஏறுவது எனக்குச் சிரமமாக இல்லை. ஆனால் டாபின்ஸ் லுக்அவுட் என்னும் காட்சிமுனை வரை சென்று ஹோல்பர்ட் பாதை வழியே வேகமாக இறங்கி வந்த மறுநாள் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. மூன்றாம் நாள் மாடிப்படியில் இறங்கவே முடியவில்லை. இறக்கத்தில் மூச்சுகூட வாங்கவில்லையே, பிறகு ஏன் இந்த வலி? இது மூட்டைக் கெடுத்துவிடும், விட்டுவிடு என்கிறார் என் மாமியார்.
— அவடூக்கி வாசகி

பதில்: அம்மா, மூச்சு வாங்காததே உங்களை ஏமாற்றிவிட்டது. மலையோட்டத்தில் மிகக் கவனமாகப் பயில வேண்டியது இறக்கம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏற்றத்துக்கு மெனக்கெடுபவர்கள் இறக்கத்தைப் பரிசாக எண்ணி ஓடிவிடுகிறார்கள்.

கிணற்றிலிருந்து நீர் நிறைந்த வாளியை இழுக்கும்போது கையின் தசை சுருங்கி வேலை செய்கிறது. அதே வாளியைக் கயிற்றை விட்டுவிடாமல் மெல்ல உள்ளே இறக்கும்போது, தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. மலையிறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் உங்கள் முன்தொடைத் தசை இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்கிறது. இதற்கு ஆற்றல் குறைவாகவே செலவாகிறது. முன்பு சொன்ன அதே ஆய்வின்படி, நூறுக்கு இருபது தாழும் சரிவில் ஓடுவதற்குச் சமதளத்தில் ஆகும் ஆற்றலில் பாதியளவே போதும். மூச்சு வாங்காததற்கு அதுதான் காரணம். ஆனால் நீண்டுகொண்டே பாரம் தாங்கும் தசையின் நுண்ணிய இழைகளில் சிறு சேதம் ஏற்படுகிறது. அந்த வலி உடனே தெரியாது. மறுநாள் தொடங்கி, இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தை எட்டிப் பிறகு தணியும். டாபின்ஸ் லுக்அவுட் 2,330 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஹோல்பர்ட் பாதையின் அடிவாரம் வரை ஏறத்தாழ 1,000 அடி இறங்கியிருக்கிறீர்கள். பழகாத தொடைக்கு அது பெரிய பாரம். நானும் முதன்முதலில் அந்த மலையில் உற்சாகத்தோடு இறங்கிவிட்டு, நான்கு நாட்கள் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிப் பின்பக்கமாகவே இறங்கியவன் என்பதால் உங்கள் வலி எனக்கு நன்றாகவே புரிகிறது.

இதில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. இப்படி ஒருமுறை சேதமடைந்து ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைத் தாங்கும் திறனைப் பெற்றுவிடுகிறது. பத்து நாள் கழித்து அதே இறக்கத்தில் ஓடினால் வலி முதல் முறையைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். எனவே வலி முற்றிலும் தணிந்தபின், முதலில் 300 அடி இறக்கம், அடுத்த வாரம் 500 அடி என்று சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். பந்தயம் எதிலாவது கலந்துகொள்வதாக இருந்தால், நீண்ட இறக்கப் பயிற்சியை அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். பந்தய வாரத்தில் இறக்கப் பயிற்சி கூடவே கூடாது.

இறங்கும் முறையையும் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் உடலைப் பின்னே சாய்த்து, காலை முன்னே நீட்டிக் குதிகாலால் ஊன்றுவது எல்லாருக்கும் வரும் பழக்கம். அப்போது ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக்காக மாறி, அதன் அதிர்ச்சி முழங்காலுக்கும் தொடைக்கும் போகிறது. வழுக்குவதும் அப்போதுதான். அந்த மலையில் இறுகிய பாறையின் மேல் சிறு பரல் கற்கள் படர்ந்திருக்கும், கடுகு கொட்டிக் கிடக்கும் சிமெண்டுத் தரையில் நடப்பதைப் போல. அங்கே நீட்டி வைத்த கால் நிற்காது. உடலைச் சரிவுக்கு நேராக வைத்து, முழங்காலைச் சற்று மடித்து, அடிகளைச் சிறியதாகவும் விரைவாகவும் வைத்து, பாதம் உடலுக்கு நேர் கீழே விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கைகளைக் கயிற்றின்மேல் நடப்பவரைப் போல் சற்று அகல விரித்துக்கொள்ளலாம். பார்வை காலடியில் அல்லாமல் நான்கைந்து அடி தூரம் முன்னே இருக்கட்டும். காட்சியைப் பார்க்க விரும்பினால் நின்று பாருங்கள். ஓடிக்கொண்டே பள்ளத்தாக்கைப் பார்த்துக் கணுக்கால் பிசகியவர்கள் பலரை நான் கைத்தாங்கலாக இறக்கி வந்திருக்கிறேன்.

மாமியாரின் அக்கறையைப் புறக்கணிக்க வேண்டாம். அவர் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. தொடையின் சதையில் இரண்டு பக்கமும் சமமாக வரும் வலி ஆறிவிடும். முழங்கால் மூட்டின் உள்ளே ஓரிடத்தில் குத்தும் வலி, வீக்கம், ஒரே காலில் மட்டும் தொடரும் வலி ஆகியவை வந்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். மிகக் கடினமான இறக்கத்துக்குப் பின் சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் காத்திருக்கவே கூடாது. சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருப்பதன் அடையாளம் அது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: சென்னையில் வளர்ந்து, டெம்பியில் படிக்க வந்திருக்கும் மாணவன் நான். சென்னை வெயிலிலேயே ஓடிப் பழகியவனுக்கு அரிசோனா வெயில் ஒரு பொருட்டா என்று நினைத்து மே மாதம் காலை ஒன்பது மணிக்கு நேஷனல் டிரெயிலில் ஏறி, பாதியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். இத்தனைக்கும் எனக்கு வியர்க்கவே இல்லை. எவ்வளவு தண்ணீர் எடுத்துச் செல்ல வேண்டும்? பாம்பு, கள்ளி பற்றியும் சொல்லுங்கள்.
— டெம்பி வாசகர்

பதில்: தம்பி, உங்களுக்கு நன்றாகவே வியர்த்திருக்கிறது. சென்னையில் காற்றின் ஈரப்பதம் மிகுதி என்பதால் வியர்வை ஆவியாகாமல் சட்டையை நனைக்கிறது. இழப்பைக் கண்ணால் காண்கிறீர்கள். பாலைவனத்தின் வறண்ட காற்றில் அது தோலிலிருந்து வெளிவந்த கணமே ஆவியாகிவிடுவதால், சட்டை உலர்ந்தே இருக்கும்போது உடல் நீரை இழந்துகொண்டிருக்கிறது. முகத்தையும் முன்கையையும் தடவிப் பார்த்தால் உப்பு பொருபொருவென்று ஒட்டும். அதுதான் அங்கே வியர்வையின் சாட்சி. சென்னைப் பழக்கம் வெப்பத்தைத் தாங்கக் கொஞ்சம் உதவும் என்றாலும், நீரிழப்பை அறிவதில் அது உங்களைத் தவறாகவே வழிநடத்தும்.

குளிர்ந்த மாதங்களில் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் பலருக்குப் போதும். வெப்பம் ஏற ஏற அதற்கு இரு மடங்குகூடத் தேவைப்படலாம். ஆளுக்கு ஆள் இது மாறும் என்பதால், ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்து உங்கள் அளவை நீங்களே கண்டுகொள்வது நல்லது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காமல் உப்பும் சேர வேண்டும். தாகத்துக்கு மிஞ்சி வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பது ரத்தத்தின் உப்பைக் குறைத்து வேறொரு ஆபத்தைக் கொண்டுவரும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் வலியுறுத்துவது ஒன்று: எடுத்துச் சென்ற தண்ணீரில் பாதி தீர்ந்ததும், இருக்கும் இடம் எதுவாயினும் திரும்பிவிடுங்கள். நேஷனல் டிரெயில் ஏறத்தாழ பதினைந்து மைல் மலைமுகட்டை ஒட்டிச் செல்லும் பாதை. அதன் நடுவில் குழாயும் கிடையாது, நிழலும் அரிது.

வெயிலைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 டிகிரி செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. அந்த ஊரில் மே முதல் செப்டம்பர் வரை மலைப்பயிற்சி என்பது விடியலில் தொடங்கி, வெயில் ஏறுமுன் வண்டிக்குத் திரும்பிவிடுவதாக இருக்க வேண்டும். பகலெல்லாம் சூடேறிய பாறை இரவிலும் அனலை விட்டுக்கொண்டிருப்பதால், மாலையைவிட விடிகாலையே நல்லது. கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் நகராட்சி சில பாதைகளைப் பகலில் மூடிவிடுகிறது. புறப்படும் முன் அந்த அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். தலைச்சுற்றல், குமட்டல், வெயிலிலும் உடல் சிலிர்ப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால் பயிற்சி அங்கேயே முடிந்தது. நீங்கள் உட்கார்ந்தது சரியான முடிவு. பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ உடனிருப்பவர் தாமதிக்காமல் 911ஐ அழைக்க வேண்டும், உதவி வரும் வரை உடலை நனைத்துக் குளிர்விக்க வேண்டும்.

பாம்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அங்குள்ள ராட்டில்ஸ்நேக், வாலை ஆட்டிக் கிலுகிலுப்பை போல ஒலியெழுப்பும் விரியன் இனத்தது. வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை நடமாட்டம் மிகுதி. ஒலி கேட்டால் நின்று, அது எங்கே இருக்கிறது என்று கண்டபின் விலகிச் செல்லுங்கள். இரண்டு காதிலும் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு ஓடுவதை நான் அனுமதிப்பதில்லை. பார்க்காத இடத்தில் கை வைக்க வேண்டாம், காலும் வைக்க வேண்டாம். கள்ளிகளில் சோயா (cholla) என்னும் வகைதான் தொல்லை. லேசாக உரசினாலும் முள் நிறைந்த அதன் உருண்டைத் துண்டு முழுவதாகக் கழன்று காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறிவிடும். அந்த ஊரில் ஓடுபவர்கள் பையில் ஒரு சீப்பு வைத்திருப்பது இதற்காகத்தான். சீப்பின் பற்களை உருண்டைக்கும் தோலுக்கும் இடையில் செலுத்தி, உடலுக்கு வெளிப்பக்கமாக ஒரே வீச்சில் தள்ளிவிட வேண்டும். மிஞ்சிய முட்களை வீட்டுக்கு வந்து இடுக்கியால் எடுக்கலாம்.

கேள்வி: ஹூஸ்டனில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேடே இல்லை. டிசம்பரில் ஃபீனிக்ஸில் இருக்கும் தம்பி வீட்டுக்குச் சென்று அவனோடு மலையில் ஓட ஆசை. எப்படித் தயாராவது?
— ஹூஸ்டன் வாசகி

பதில்: ஏற்றத்துக்கு டிரெட்மில் போதும். சாய்வைப் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை வைத்து, கைப்பிடியைப் பற்றாமல் விரைந்து நடங்கள். கைப்பிடியைப் பற்றினால் சாய்வு வைத்ததன் பயனே போய்விடும். இறக்கத்துக்குத்தான் வழி தேட வேண்டும். அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் ஏறும்போது நிதானமாகவும் இறங்கும்போது சற்று விரைவாகவும் வாரம் ஒருமுறை இருபது நிமிடம் பயிலுங்கள். அதோடு, ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் குதிகால் கீழ்ப்படியைத் தொடும் வரை மூன்று எண்ணி மெல்ல இறங்கி மீண்டும் எழும் பயிற்சியைக் காலுக்குப் பத்து முறை செய்யுங்கள். கரட்டுத் தரையில் கணுக்கால் பழக, பூங்காவில் புல்தரையில் ஓடுங்கள். பாதையை அங்கே போய்த்தான் பழக முடியும் என்பதால், முதல் நாள் தம்பி எவ்வளவு வற்புறுத்தினாலும் டெசர்ட் கிளாசிக் பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மலையின் தெற்கு அடிவாரத்தை ஒட்டிச் சிறு சிறு ஏற்ற இறக்கங்களாகச் செல்லும் அந்தப் பாதை, பழகாத கால்களுக்கு ஏற்றது. மிதிவண்டிகளும் அதில் நிறைய வரும். வண்டியோட்டி நடப்பவருக்கும் ஓடுபவருக்கும் வழிவிட வேண்டும், அனைவரும் குதிரைக்கு வழிவிட வேண்டும், இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது முறை.

கேள்வி: மதுரையிலிருந்து கில்பர்ட்டில் உள்ள மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்க வந்திருக்கிறேன். வயது 63. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். ஊரில் தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பேன். சனிக்கிழமைதோறும் மகன் மலையில் ஓடப் போகிறான். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். இந்த வயதில் நானும் ஏறலாமா? அவனுக்கு இடைஞ்சலாகிவிடுமோ என்றும் இருக்கிறது.
— கில்பர்ட்டில் தங்கியிருக்கும் மதுரை வாசகர்

பதில்: ஐயா, நீங்கள் வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டியதே இல்லை. தினமும் ஒரு மணி நேரம் நடக்கும் கால்கள் உங்களுடையவை. முதலில் மருத்துவரிடம் இரண்டு செய்திகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மேடு ஏறும் அளவுக்கு இதயம் நலமாக இருக்கிறதா என்பதும், நீங்கள் எடுக்கும் மாத்திரை உடற்பயிற்சியின்போது சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடிய வகையா என்பதும். அப்படிப்பட்ட மாத்திரை என்றால் வெறும் வயிற்றில் செல்லாதீர்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் மாத்திரையோ நான்கு சர்க்கரை மிட்டாயோ இருக்கட்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும் என்பதால், செருப்போடு ஏறாமல் விரல்களை மூடும் காலணியும் காலுறையும் அணிந்து, திரும்பி வந்ததும் பாதங்களில் முள்ளோ கொப்புளமோ இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

இடைஞ்சல் என்ற எண்ணம் வேண்டாம். நான் முதல் பதிலில் சொன்ன டெலிகிராஃப் பாஸ் பயிற்சி உங்கள் இருவருக்கும் பொருந்தும். மகன் மூன்று நிமிடம் ஏறி இரண்டு நிமிடம் இறங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் உங்கள் நடையில் நிதானமாக ஏறிக்கொண்டிருங்கள். ஒவ்வொரு முறை இறங்கி வரும்போதும் அவர் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் மீண்டும் ஏறுவார். முதல் சனிக்கிழமை தளம் போடப்பட்ட பகுதியோடு திரும்பிவிடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் கரட்டுப் பாதையின் முதல் வளைவுகள் வரை செல்லலாம். கணவாய் வரை செல்லும் நாளில் நெய்ஸ்மித் கணக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரம் என்று சொல்லும். நீங்கள் ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், இறங்குவதற்கும் அதே நேரத்தை ஒதுக்குங்கள். இறங்கும்போது ஒரு ஊன்றுகோல் கையில் இருந்தால் முழங்காலுக்கு நல்லது. மகன் அன்று தம் பயிற்சியில் ஒரு முறையைக் குறைத்துக்கொண்டு, இறக்கம் முழுவதும் உங்களுக்கு இரண்டடி முன்னால் நடந்து வரட்டும்.